பல் முளைத்த சக்கரம்



மோட்டார் வண்டியின் சாவியைத் திருகியதும் 'கிர்ர்' என்று ஓர் ஓசை எழுகிறது. இரண்டொரு நொடியில் அஃது அடங்க, எஞ்சினின் சீரான முழக்கம் தொடங்குகிறது. அவ்வோசையைக் கேளாதவர் இன்று இலர். அஃது எதன் ஓசை என்று வினவியவர் மிகச் சிலரே. சிறியதொரு மின்மோட்டாரின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம், எஞ்சினோடு பிணைந்த கனத்த பெருஞ்சக்கரம் ஒன்றின் பற்களைப் பற்றி உருட்டும் ஓசை அது. அப்பெருஞ்சக்கரத்தைப் பட்டறைக்காரர் 'பிளைவீல்' என்பர். அதன் விளிம்பைச் சுற்றிப் பூட்டப்பெற்ற பல்வளையத்தை 'ரிங் கியர்' என்றும், அதனைப் பற்றி உருட்டும் சிறு சக்கரத்தைப் 'பினியன்' என்றும் கூறுவர். இச்சக்கரத்துக்குப் பல் முளைத்த வரலாற்றையும், பழைய வண்டியொன்றில் அப்பல்வளையத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்த முனைவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

வகுப்பறையில் வரலாறு நடத்தியவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கல்வெட்டை ஆராய்கிறவன் எழுத்தை மட்டும் படித்து நின்றுவிடுவதில்லை. அக்கல் அதே இடத்தில் இருந்ததா, வேறொரு சுவரிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டதா, எவராவது இடையில் செதுக்கினரா என்றெல்லாம் பார்க்கிறான். இயந்திரத்தையும் அவ்வாறே படிக்கலாம். ஒரு பழைய பிளைவீலின் விளிம்பு, படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு சாசனமே ஆகும்.

முதலில், பிளைவீல் எதற்காக என்பதை அறிந்து கொள்வோம். பருத்தி நூற்கும் தக்கிளியின் அடியில் ஒரு வட்டத் தகடு இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். விரலால் ஒருமுறை சுண்டிவிட்டால் தக்கிளி நெடுநேரம் சுழல்வது அத்தகட்டின் கனத்தாலேயே. குயவர் திகிரியும் அத்தகையதே. கோலால் விசையாகச் சுற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுகிறார். சக்கரம் தான் பெற்ற விசையைத் தன் கனத்திலே சேர்த்து வைத்துக்கொண்டு, பானை வனைந்து முடியும் வரையில் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. விட்டுவிட்டு வருகின்ற விசையை வாங்கி, விடாமல் வழங்குவதே பிளைவீலின் தொழில்.

இங்கிலாந்தில் நீராவி எஞ்சின் முன்னும் பின்னும் அசைகின்ற அசைவைச் சுழற்சியாக மாற்ற முயன்றபோது இத்தொழில் பெருமதிப்புப் பெற்றது. 1780இல் ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் கிராங்க் அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டார். அதனால் ஜேம்ஸ் வாட்டு 1781இல் அதற்கு மாற்றாகச் சூரியனைக் கோள் சுற்றுவது போன்ற பற்சக்கர அமைப்பொன்றுக்கு உரிமை பெற்றார். வழி எதுவாயினும், பிஸ்டன் தன் ஓட்டத்தின் இரு கோடிகளிலும் ஒரு கணம் தயங்கி நிற்கும்போது அதனைக் கடத்திக்கொண்டு போகக் கனமான சக்கரம் ஒன்று தேவையாக இருந்தது.

நீராவி எஞ்சினுக்குத் துணையாக இருந்த இச்சக்கரம், பெட்ரோல் எஞ்சினுக்கு உயிராகவே ஆயிற்று. 1876இல் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கடி எஞ்சினில், பிஸ்டன் நான்கு முறை ஓடினால் அவற்றுள் ஒரு முறையே எரிபொருளின் உந்துதலால் ஓடுகிறது. காற்றும் எரிபொருளும் கலந்த ஆவியை உள்ளே இழுத்தல், அதனை அழுத்துதல், எரிந்த புகையை வெளியே தள்ளுதல் ஆகிய மற்ற மூன்று ஓட்டங்களுக்கும் எஞ்சினே வெளியிலிருந்து விசை பெற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு அவ்விசையைப் பிளைவீல் தருகிறது. நின்றுகிடக்கும் எஞ்சினுக்கு யார் தருவது? இவ்வொரு கேள்வியே நம் வரலாற்றின் வித்து.

கார்ல் பென்சு 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். அவ்வண்டியின் பின்புறத்தில் பெரியதொரு பிளைவீல் கிடைமட்டமாகப் படுத்திருந்தது. ஓட்டுபவர் அதனைக் கையால் பற்றி இழுத்துச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவர் மனைவியார் பெர்த்தா பென்சு தம் இரு மைந்தரை உடன் அழைத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்சைம் வரையில் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியை அத்தகைய வண்டியிலேயே கடந்தார். மோட்டார் வரலாற்றின் முதல் நெடும்பயணத்தை நடத்தியவர் ஒரு பெண்மணியே என்பதை மறவாதீர்கள். அடுத்துச் சொல்லப்போகும் செய்திக்கு அது வேண்டும்.

பின்னர் எஞ்சின் வண்டியின் முன்பக்கம் வந்தது. பிளைவீல் கைக்கு எட்டாமல் எஞ்சினுக்குப் பின்னே மறைந்தது. ஆகவே, முன்னே நின்று கிராங்க் தண்டின் முனையில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை மாட்டிச் சுழற்றும் வழக்கம் உண்டாயிற்று. என் இளமையில் லாரிகளின் முன் கிளீனர் ஒருவர் குனிந்து நின்று அக்கைப்பிடியை மூச்சடக்கிச் சுழற்றுவதைக் கண்டிருக்கிறேன். பிற்காலத்து அம்பாசிடர் காரிலும், மின்கலம் சோர்ந்த வேளையில் பயன்படட்டும் என்று கைப்பிடி மாட்டும் வசதியை வைத்திருந்தனர்.

கைப்பிடி சுழற்றுவது உழைப்பு மட்டுமன்று; ஆபத்தும் ஆகும். தீப்பொறி உரிய கணத்துக்கு முன்னரே தோன்றுமானால், மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எரிவாயு எதிர்த்து அடித்துக் கீழே தள்ளும். கிராங்க் தண்டு பின்னோக்கித் திரும்பும். கையிலுள்ள இரும்பு எகிறும். மணிக்கட்டும் முன்கையும் தாடையும் முறிந்தவர் பலர். முன்கை எலும்பின் மணிக்கட்டுப் பக்கத்து முனை உடைவதற்கு மருத்துவர் 'மோட்டார் ஓட்டுநர் முறிவு' என்று பெயரிட்டு, இன்றுவரை அப்பெயரால் வழங்குகின்றனர். பெருவிரலைக் கைப்பிடியின் மறுபுறம் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை; கீழே அழுத்தாதே, மேலே இழு; தீப்பொறிக் கட்டையைப் பின்தள்ளி வைக்க மறவாதே: இவை அக்காலத்து ஓட்டுநருக்குப் பாலபாடம்.

இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். தோள்வலிமை இல்லாதவருக்கு மோட்டார் வண்டி எட்டாப் பொருளாயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவில் மின்கலத்தால் ஓடும் கார்களும் இருந்தன. அவை மெதுவாகச் செல்லும், தொலைவும் போகா. எனினும் கைப்பிடி சுழற்ற வேண்டுவதில்லை. ஆதலின் பெண்களுக்கு ஏற்றவை என்று அவற்றை விற்றனர். மலிவான பெட்ரோல் காரை உலகுக்கு வழங்கிய ஹென்றி ஃபோர்டின் இல்லத்தரசியார் கிளாரா அம்மையாரே, தம் கணவரின் தொழிற்சாலைக் காரை விடுத்து, டிட்ராயிட் எலெக்ட்ரிக் என்னும் மின்காரை ஓட்டினார் என்றால், கைப்பிடியின் கொடுமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் எண்ணம் முன்னரே பிறந்ததுதான். 1896இல் இங்கிலாந்தில் டவுசிங் என்னும் மின்பொறியாளர் ஆர்னால்டு என்ற காரில் அவ்வமைப்பைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் கிளைடு கோல்மன் 1903இல் அத்தகைய அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் இவை பரவவில்லை. எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு வலிய மோட்டார் வேண்டுமானால் அது வண்டியிலே அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று பலரும் நினைத்தனர்.

அந்நினைப்பை உடைத்தவர் சார்லசு கெட்டரிங். 1876இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். கண்பார்வைக் குறையோடு போராடிப் படித்தவர். பொறியியல் பட்டம் பெறுமுன் பள்ளியாசிரியராகப் பணிசெய்தவர் என்பதைச் சொல்லும்போது என் போன்றோர்க்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே. 1904இல் டேட்டன் நகரத்துப் பணப்பதிவு இயந்திரத் தொழிற்சாலையில் அவர் சேர்ந்தார். கடைகளிலே பணப்பெட்டியைத் திறக்கக் கைப்பிடி சுழற்றும் வழக்கத்தை ஒழித்து, அவ்வேலையைச் சிறு மின்மோட்டாரிடம் ஒப்படைத்தார். அப்போதுதான் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. நாள் முழுதும் ஓயாமல் ஓடவேண்டிய மோட்டாருக்கே பேருருவம் தேவை. சில நொடிகள் மட்டும் உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும் மோட்டார், தன் அளவுக்கு மீறிய சுமையையும் அச்சில நொடிகளுக்குத் தாங்கும். சூடேறுமுன் வேலை முடிந்துவிடும். பணப்பெட்டிக்குப் பொருந்திய இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்திற்று.

1909இல் எட்வர்டு டீட்சு என்பவரோடு கூடி 'டெல்கோ' என்னும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். கேடில்லாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்டின் வேண்டுகோளுக்கு இணங்கி 1911இல் மின் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு வகைக் கேடில்லாக் கார்கள் அதனைத் தாங்கி வெளிவந்தன. பிளைவீலின் விளிம்பில் பல் முளைத்தது.

இவ்விடத்தில் ஒரு கதையைக் குறிப்பிட வேண்டும். 1910ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டிட்ராயிட்டு நகரத்துப் பெல் தீவுப் பாலத்தில் ஒரு பெண்மணியின் கார் நின்றுவிட்டதாம். அவ்வழி வந்த பைரன் கார்ட்டர் என்னும் கார் உற்பத்தியாளர் உதவ இறங்கிக் கைப்பிடியைச் சுழற்ற, அஃது எகிறித் தாடையை உடைக்க, அதனால் அவர் உயிர் நீத்தாராம். நண்பரை இழந்த லீலண்டு மனம் நொந்து, 'இனி என் கார் எவரையும் கொல்லலாகாது' என்ற உறுதியோடு கெட்டரிங்கை அழைத்தாராம். நூல் பலவற்றில் இக்கதை வருகிறது. கேட்பதற்கு உருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் பைரன் கார்ட்டர் இறந்தது 1908ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். 1908இல் மறைந்தவர் 1910இல் பாலத்தின்மேல் இறங்கி உதவியிருத்தல் இயலாது. மேலும் அவர் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார் என்பாரும் உளர்.

கதை உருக்கமானது என்பதால் ஆண்டுகள் இடம் மாறிவிடா. ஒரு செய்தியைக் கேட்டால், அதிலுள்ள ஆண்டுகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் என்று என் மாணவர்க்குச் சொல்வது வழக்கம். பல கதைகள் அந்த ஒரு சோதனையிலேயே உதிர்ந்துவிடும். உதிர்ந்தபின் எஞ்சுவது யாது? கைப்பிடியால் எண்ணற்றோர் காயமுற்றனர் என்பது எஞ்சுகிறது. லீலண்டு கேட்டார், கெட்டரிங் செய்தார் என்பது எஞ்சுகிறது. அவை போதும். ஒருவர் சாவை வேறோர் ஆண்டுக்கு மாற்றி அணி செய்ய வேண்டுவதில்லை.

ஸ்டார்ட்டரில் இன்னும் ஓர் இடர் இருந்தது. பிளைவீலில் 120 பல்லும் பினியனில் 10 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டார் பன்னிரண்டு முறை சுழன்றால் எஞ்சின் ஒருமுறை சுழலும். சிறிய மோட்டார் பெரிய எஞ்சினை உருட்டுவது இக்கணக்கினால்தான். ஆனால் எஞ்சின் கிளம்பி நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடத் தொடங்கியதும், அதே கணக்கு தலைகீழாகிவிடும். பற்கள் விலகாவிட்டால் மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுழன்று சிதறிவிடும். ஆகவே வேலை முடிந்த கணமே பினியன் விலக வேண்டும். அமெரிக்கரான வின்சென்ட் பெண்டிக்சு இதற்கு அழகிய வழி கண்டார். பினியனைத் திருகுபுரியுள்ள தண்டின்மேல் அமைத்தார். மோட்டார் திடீரெனச் சுழலும்போது பினியன் தன் கனத்தால் உடனே சுழலாமல் பின்தங்கி, புரிவழியே நகர்ந்து, பிளைவீலின் பற்களில் போய்ப் பொருந்தும். எஞ்சின் கிளம்பி அதனை மோட்டாரைவிட விரைவாகச் சுழற்றியதும், வந்த புரிவழியே திரும்பி ஓடிவிடும். ஏவுவாரும் தடுப்பாரும் இன்றித் தானே வந்து தானே விலகும் இவ்வமைப்பு பல வகைக் கார்களுக்குப் பரவிற்று. நம் நாட்டுப் பட்டறைகளிலும் 'பெண்டிக்ஸ்' என்பது இன்றுவரை வழங்கும் சொல்லாகும்.

ஃபோர்டின் 'டி' வகைக் கார் 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியாயிற்று. அதன் பிளைவீலில் பல் இல்லை. மாறாகப் பதினாறு காந்தங்கள் பூட்டப்பெற்றிருந்தன. பிளைவீல் சுழலும்போதே தீப்பொறிக்கான மின்சாரம் பிறந்தது. 1913இல் ஃபோர்டு தொழிற்சாலையில் நகரும் வரிசையில் வைத்து முதன்முதல் பூட்டிப் பார்த்த உறுப்பு இந்தக் காந்தப் பிளைவீலே. ஒருவரே முழுதும் பூட்டியபோது ஏறக்குறைய 20 நிமிடம் ஆனது. அவ்வேலையை 29 சிறு செயல்களாகப் பகுத்து வரிசையாக நின்று செய்தபோது 13 நிமிடம் 10 நொடியாகக் குறைந்தது. வரிசையின் உயரத்தைக் கூட்டி, ஓட்டத்தைச் சீர்படுத்தியபின் 5 நிமிடத்தில் முடிந்தது. நூற்றாண்டின் தொழில் முறையையே மாற்றிய சோதனை ஒரு பிளைவீலின்மேல் நடந்தது என்பது நினைவில் நிற்கத்தக்கது.

1919இல்தான் 'டி' வகைக் காருக்கு மின் ஸ்டார்ட்டர் தொழிற்சாலையிலேயே கிடைத்தது. காந்தங்களோடு பல்வளையமும் பிளைவீலில் ஏறிற்று. அதற்காக எஞ்சின் வார்ப்பையும் மேலுறையையும்கூட மாற்ற வேண்டியதாயிற்று. இதிலிருந்து வரலாற்று மாணவன் அறிவது யாது? 1915ஆம் ஆண்டுக் கார் என்று ஒருவர் காட்டும் 'டி' வகைக் காரில் பல்வளையமுள்ள பிளைவீல் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டது என்று தெளியலாம். மாற்றியது குற்றமன்று. மாறாதது என்று கூறுவதே குற்றம்.

இனி, பழைய வண்டிகளைப் பேணுவோர் பல்வளையத்தை ஏன் மாற்றுகின்றனர் என்று பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சினை அணைத்தால் அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதேனும் ஒரு சிலிண்டரில் அழுந்தும் காற்று பிஸ்டனைத் தடுக்க, ஏறக்குறைய எப்போதும் அதே இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். ஆகவே மறுமுறை கிளப்பும்போது பினியன் மோதுவதும் அவ்விரண்டு இடத்துப் பற்களின் மீதே. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விரண்டு இடங்களிலும் பற்கள் தேய்ந்து, மற்றப் பற்கள் புத்தம் புதியனவாக இருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினாயின் தேய்வு மூன்று இடங்களில் காணப்படும். எஞ்சினைப் பாராமலே, பிளைவீலின் தேய்வைக் கண்டு சிலிண்டர் எத்தனை என்று கூற வல்ல மெக்கானிக்குகள் உளர்.

முற்காலத்துக் கார்கள் பலவற்றில் பற்கள் தனி வளையமாக இன்றிப் பிளைவீலின் உடம்பிலேயே வெட்டப்பெற்றிருந்தன. அவை தேய்ந்தால், கடைசல் இயந்திரத்தில் ஏற்றிப் பழைய பற்களைச் சீவியெடுத்து, அவ்விடத்தில் எஃகு வளையமொன்றைப் பூட்டுவதே வழி. அதே அளவு வளையம் இன்று கிடைப்பது அரிது. ஆகவே வேறொரு வண்டியின் வளையத்தைத் தேடுகின்றனர். இங்கேதான் கண் ஏமாற்றும், கணக்கே காப்பாற்றும்.

பற்களின் அளவைப் பழைய ஆங்கில முறையில் ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்று கூறினர். மெட்ரிக் முறையில் ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்று கூறுகின்றனர். அங்குலத்துக்குப் பத்துப் பல் என்ற அளவில் 120 பல் உள்ள வளையத்தின் விட்டம் 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். பல்லுக்கு 2.5 மில்லிமீட்டர் என்ற அளவில் அதே 120 பல் உள்ள வளையத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர். இரண்டையும் தனித்தனியே கையில் ஏந்திப் பார்த்தால் பற்கள் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் விளிம்பு 2.4 மில்லிமீட்டர் உள்வாங்கிவிட்டது. அன்றியும், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள இடைவெளி முன்னதில் 7.98 மில்லிமீட்டர், பின்னதில் 7.85. பழைய பினியன் புதிய வளையத்தோடு பொருந்தாது. சில நாளில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பினியனையும் சேர்த்து 2.5 அளவுக்கு மாற்றி, வளையத்தில் 120க்கு மாறாக 122 பல் உள்ளதைத் தேர்ந்தால் என்னாகும்? கிராங்க் தண்டின் நடுவுக்கும் ஸ்டார்ட்டர் தண்டின் நடுவுக்கும் உள்ள தொலைவை எவரும் மாற்ற இயலாது. அது வார்ப்பிலே அமைந்தது. இரண்டு சக்கரங்களின் விட்டங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் அத்தொலைவு வரவேண்டும். பழைய அமைப்பில் 304.8ஐயும் 25.4ஐயும் கூட்டிப் பாதியாக்க 165.1 வருகிறது. புதிய அமைப்பில் 305ஐயும் 25ஐயும் கூட்டிப் பாதியாக்க 165 வருகிறது. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. அதுவும் பற்களுக்கு நடுவே சிறிது இடம் விடுகின்ற திசையில். பொருந்துகிறது! ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒரு நூற்றாண்டுப் பழமையுள்ள எஞ்சினைப் பேச வைக்கிறது.

வளையத்தைப் பூட்டும் முறை நமக்குப் புதிதன்று. மாட்டு வண்டிச் சக்கரத்தின் வட்டைக்கு இரும்புப் பட்டை கட்டும் கொல்லர், பட்டையைச் சற்றே சிறியதாகச் செய்து, நெருப்பிலிட்டு விரியச் செய்து, சக்கரத்தின்மேல் இறக்கி நீர் ஊற்றுவார். குளிர்ந்த பட்டை சுருங்கி, குடத்தையும் ஆரக்கால்களையும் வட்டையையும் ஒன்றாக இறுக்கிப் பிணிக்கும். பிளைவீலுக்கும் அதுவே முறை; நீர் ஊற்றுவது மட்டும் இல்லை, தானே ஆறவிட வேண்டும். வளையத்தின் உள்விட்டம் 280 மில்லிமீட்டராயின், பிளைவீலின் விளிம்பை அதைவிட 0.4 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும்படி கடைந்துகொள்கின்றனர். எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் அளவில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு விரியும். 200 பாகை ஏற்றினால் 280 மில்லிமீட்டர் வளையம் 0.67 மில்லிமீட்டர் விரிந்து, தடையின்றி இறங்கும். ஆறியதும் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சிச் சூடேற்றினாலோ பற்களின் கடினம் போய்விடும். மெருகிட்ட எஃகு வைக்கோல் நிறம் காட்டும்போது நிறுத்த வேண்டும், நீலம் பாரித்தால் கெட்டது என்று கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உள. கடையும்போது, தேய்ந்த பழைய விளிம்பை அளவுகோலாகக் கொள்ளாமல், கிராங்க் தண்டில் அமரும் நடுப்பகுதியையே நடுவாகக் கொள்ள வேண்டும். பினியன் வந்து மோதும்போது வளையம் பின்னால் நழுவாதபடி ஒரு படிக்கட்டு விட்டுக் கடைய வேண்டும். வேலை முடிந்தபின் சக்கரம் எப்பக்கமும் கனம் சாயாமல் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். வார்ப்பிரும்பு இழுவிசைக்கு அஞ்சும் பொருள். கண்டபடி சீவி மெலிய வைத்த சக்கரம் விரைந்து சுழலும்போது வெடித்துச் சிதறினால், ஓட்டுநரின் கால்களுக்கு அருகிலேயே அது நிகழும். கைமுறிவைத் தடுக்கப் பிறந்த பற்கள், அறியாமையால் உயிரைப் பறிக்கும் கருவியாகிவிடலாகாது.

இறுதியாக ஒன்று; எனக்கு மிகவும் இன்றியமையாததாகத் தோன்றுவது. பழைய பிளைவீல்கள் பலவற்றின் விளிம்பில், முதற் சிலிண்டர் உச்சத்தில் இருக்கும் நிலையைக் காட்டும் கோடுகளும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பைச் சீவினால் அவையும் போய்விடும். ஆகவே கற்றறிந்த கடைசல்காரர், கருவியை வைக்குமுன் அக்குறிகளை முதலில் தாளில் படியெடுத்துக்கொள்கிறார். வேலை முடிந்தபின், அதே இடத்தில் மீண்டும் பொறிக்கிறார்.

இதைக் காணும்போது எனக்குத் திருமழபாடிக் கோயில் நினைவுக்கு வரும். முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோயிலின் திருவிமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்க முடிவு செய்தபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கக் கட்டளை பிறந்தது. கோயில் புதுப்பிக்கப்பட்டபின், இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. பழையதை மாற்றலாம், மாற்றாமல் வாழவும் முடியாது. ஆனால் மாற்றுகிறவன், தான் அழிக்கப்போவது இன்னது என்று அறிந்து, அதனை எழுதி வைத்துவிட்டு மாற்ற வேண்டும். சோழப் பேரரசின் கல்தச்சருக்கும் இன்றைய கடைசல் பட்டறைக்காரருக்கும் கடமை ஒன்றே.

1961இல் சென்னைக்கு அருகே பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை தொடங்கப்பெற்று, ஸ்டார்ட்டர் மோட்டார்கள் நம் மண்ணிலேயே உருவாகலாயின. கிளீனரின் கைப்பிடி மெல்ல மெல்ல வண்டியின் அடியில் ஒதுங்கி, பின்னர் மறைந்தே போயிற்று. உங்கள் ஊரிலும் அத்தகைய கைப்பிடி ஒன்று எங்கேனும் ஒரு பட்டறையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கலாம். அதனைச் சுழற்றிய முதியவர் ஒருவரும் இருக்கலாம். அவரிடம் சென்று, எந்த ஆண்டில், எந்த வண்டியில் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆண்டை மட்டும் இரண்டு முறை கேளுங்கள்.